நரம்பு டாக்டர் காலைக் கிள்ளிவிட்டு முகத்தைப் பார்த்தார்

எங்கள் ஷிட்ஸு நாய் சிக்குவுக்கு 7 வயது. போன தீபாவளிக்கு முந்திய வாரம், விடிகாலை ஐந்தரை மணிக்கு அடுப்படிப் பக்கம் ஏதோ தரையில் தேய்கிற சத்தம். போய்ப் பார்த்தால் முன்னங்கால்களால் ஊர்ந்து வருகிறான், பின்பக்கம் துணிமூட்டை மாதிரி இழுபடுகிறது.

நான்கு நாள் முன்பே தூக்கினால் வீல் என்று கத்தினான். பக்கத்து கிளினிக்கில் மூட்டுவலி என்று மாத்திரை கொடுத்தார்கள், முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நான்கு நாளும் சோபாவில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தான். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அன்று காலையே நரம்பியல் சிறப்பு மருத்துவரிடம் ஓடினோம். பாதத்தை மடக்கி, மேல்பக்கம் மேசையில் படும்படி வைத்தார். நலமாக இருக்கும் நாய் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும், சிக்கு அப்படியே விட்டுவிட்டான். பிறகு முதுகுத் தோலை இடுப்பிலிருந்து மேலே கிள்ளிக்கொண்டே போனார், ஓர் இடத்துக்கு மேலேதான் தோல் துடித்தது. கடைசியில் இடுக்கியால் பின்கால் விரலை அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. எனக்குப் போன உயிர் திரும்பியது. அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டார். காலை இழுப்பது தண்டுவடம் தானாகச் செய்யும் வேலை, வலி மூளைக்குப் போகிறதா என்பதை முகம்தான் சொல்லும் என்றார். இன்னும் அழுத்தினார். சிக்கு தலையைத் திருப்பி இடுக்கியைப் பார்த்து முனகினான். அந்த முனகலுக்காக நான் அழுதேன். இப்படி அழுத்தும் வலி மூளைக்குத் தெரிவதுதான் ஆழ்வலி உணர்வு. அது இருந்தால் ஆபரேஷனுக்குப் பின் 10-ல் 9 நாய்களாவது நடக்குமாம். இல்லையென்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான்.

மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். கடைசி விலா எலும்பின் பக்கத்தில், முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. அன்று இரவே எலும்பில் ஒரு பக்கம் சன்னல்போலத் திறந்து அதை எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் அனுமதியுள்ள ஷிட்ஸு, பெக்கினீஸ் இரண்டுக்குமே இந்த வட்டு சின்ன வயதிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்குமாம். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முதுகைக் கவனியுங்கள்.

இன்னொன்று. ஏற்கெனவே கொடுத்த மாத்திரை உறையையும் கையோடு கொண்டுபோங்கள். சில வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடலில் புண் வந்துவிடலாம்.

6 வாரம் கூண்டில் வைத்திருந்தோம். வழுக்கும் டைல்ஸ் முழுக்க யோகா பாய். சிறுநீர்ப்பையை நாமே அழுத்திக் காலிசெய்ய வேண்டும். வயிற்றில் தண்ணீர் பலூன் போலத் தட்டுப்படும், இரண்டு கையாலும் மெல்ல அழுத்தணும். 11-ஆம் நாள், என் வீட்டுக்காரர் சாவி போடுகிற சத்தத்துக்கு வாலை ஆட்டினான்.

*

அக்கா, எங்க பெக்கினீஸுக்கு ஆழ்வலி உணர்வு போன பிறகுதான் கொண்டுபோனோம். ஆபரேஷன் செஞ்சும் கால் வரல. சக்கரவண்டியில 2 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கா. தினம் நாலு தடவை சிறுநீரை அழுத்தி எடுக்கணும். நான் நைட் ஷிப்ட் போனா அம்மா செய்வாங்க, 68 வயசு. கீழ்த்தளத்துல சக்கரச் சத்தம் கேட்டா பிள்ளைங்க ஓடி வந்துடும்.

*

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. சிக்குவைத் தூக்கி நடத்துற துண்டு அடிவயிற்றுல உரசி சிவந்திருக்கு. வண்டி வாருக்கு அடியில நீங்க என்ன துணி போடுறீங்க?