ஏரிக்கரை அருங்காட்சியகம், பனியாற்று நிலவடிவம்: கொடைக்கானலுக்குப் பொருந்துமா?

மஞ்சுமேடு:
வணக்கம். கட்டடக்கலை இறுதியாண்டுத் திட்டத்துக்காகக் கேட்கிறேன். தளம் கற்பனைதான்: கொடைக்கானல் ஏரிச் சாலைக்கு மேல்பக்கம் 1.2 ஹெக்டேர். சாலையிலிருந்து 60 மீட்டர் வரை கிட்டத்தட்ட சமதரை, அதில் பாதி சதுப்பு. அதற்குமேல் 1:5 சரிவு. 2,000 ச.மீ. அருங்காட்சியகம், மீதி பொதுவெளி.

கருப்பொருள் பனியாற்று (கிளேசியர்) நிலவடிவம். ட்ரம்லின் மேடுகள் (பனியாறு இழைத்த நீள்முட்டை வடிவ மேடுகள்) போல மூன்று புல்கூரைகள். தரையிலிருந்தே நடந்து ஏறலாம். ஒவ்வொன்றும் 40 மீ. நீளம், 14 மீ. அகலம். சதுப்பில் கெட்டில் குளங்கள் (புதைந்த பனிக்கட்டி உருகி விட்ட பள்ளங்கள்) மாதிரி வட்டமாகத் தோண்டி மழைநீரை நிறுத்துவது, எஸ்கர் (பனியாற்றின் அடியில் ஓடிய நீர் விட்ட வரப்பு) போல வளைந்த மேட்டுப் பாதை, பனிக்கட்டி உணர்வுக்கு வெள்ளை கான்கிரீட் முகப்பு, ஏரிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. நார்வேயின் ஃபியார்லாந்தில் ஸ்வெர்ரே ஃபென் வடிவமைத்த பனியாற்று அருங்காட்சியகம் (1991) முன்மாதிரி.

கூரை எடை, குளங்களின் கொள்ளளவு, உள்ளே ஈரப்பதம் மூன்றுக்கும் எண் வேண்டும். திட்டத்தை மதிப்பிடும் ஜூரியில் 'பசுமைக் கட்டடம்' என்று சொல்லி நழுவ முடியாது.

கருங்கல்பாறை:
எண்ணுக்கு முன்னால் ஒன்று. பழனி மலையில் பனியாறு ஓடியதே இல்லை. இங்கே மலைகள் உருண்டையாகத் தெரிவதற்குக் காரணம் சார்னோக்கைட் பாறை வெயிலிலும் மழையிலும் ஆழமாக மக்கியது, பனி இழைத்ததல்ல. ஏரியும் 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் என்பவர் ஓர் ஓடையை மறித்து உண்டாக்கியது. உண்மையான ஒப்புமை வேண்டுமென்றால் அந்தக் கரையில்தான் இருக்கிறது: பனியாறு தள்ளிவந்த மொரேன் மேடு பள்ளத்தாக்கை அடைத்து ஏரி உண்டாக்கும், இங்கே மண்கரை அதே வேலையைச் செய்கிறது. உங்கள் விவரத்தில் கரை எங்குமே இல்லை.

பனியுகம் இந்த மலைகளில் விட்ட தடம் சதுப்பில் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவின் பீட் மண்ணை (சதுப்பில் முழுதும் மக்காமல் சேர்ந்த தாவரப் படிவு) அடுக்கடுக்காக எடுத்து, அதன் கார்பன் ஐசோடோப்பை (எடை வேறுபடும் கார்பன் அணுவகைகளை) பார்த்த சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவின் ஆய்வு 1993-இல் வந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கே பனி உச்சத்தில் இருந்த காலத்தில், இங்கே மழை குறைந்து வறட்சி தாங்கும் புல்வகைகள் ஓங்கியிருந்தன. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. ஐரோப்பாவில் கெட்டில் பள்ளங்களில் பீட் சேர்ந்தது போல இங்கே மலைமடிப்புப் பள்ளங்களில் சேர்ந்திருக்கிறது.

அப்படியிருக்க, பனியுகத்தைக் காட்டப்போகும் கட்டடம் சதுப்பைத் தோண்டிக் குளம் வெட்டுவது, ஓலைச்சுவடி வைக்க அலமாரி செய்ய ஓலைச்சுவடியையே வெட்டுவது மாதிரி. ஓரமாக ஒரு வாய்க்கால் போட்டாலும் போதும்: நீர் வடியும், காற்றுப் பட்ட பீட் மக்கிச் சுருங்கும், தரை இறங்கும். திரும்ப நனைத்தாலும் பழைய கனத்துக்கு வராது. சதுப்பைத் தொடாமல், அதன்மேல் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் நடைமேடை போடுங்கள். உள்ளே முதல் காட்சிப்பொருளாக, சதுப்பில் குழாய் இறக்கி எடுத்த ஒரு பீட் உருளையை நெடுக்காகப் பிளந்து கிடத்துங்கள்.

கொத்துக்கரண்டி:
தம்பி, கூரைக்கு வருகிறேன். 150 மி.மீ. செம்மண் மழையில் ஊறினால் ச.மீட்டருக்கு 270 கிலோ. கீழே 150 மி.மீ. கான்கிரீட் 375. நீர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு எல்லாம் 30. கூட்டம் ஏறி நிற்கும் என்றால் 500 சேர்க்க வேண்டும். மொத்தம் 1,175 கிலோ, அதுவும் 14 மீட்டர் அகலத்துக்கு! மூன்று கூரையிலும் ஆளை ஏற்றாதே. ஒன்றில் மட்டும் பாதை வை. மற்ற இரண்டிலும் களை பிடுங்குகிறவர் மட்டும் ஏறுவார் என்று வைத்தால் அந்த 500 என்பது 75 ஆகிவிடும். மண்ணையும் இளக்கு: கன அளவில் செம்மண் 40, உடைத்த பழைய ஓடும் செங்கல்லும் 30, தேங்காய்நார்க் கழிவு 20, மக்கு உரம் 10. ஊறினாலும் 190 கிலோவுக்குள் நிற்கும். நார்க்கழிவை 20-க்கு மேல் போடாதே, மக்கி மட்டம் இறங்கிவிடும்.

ட்ரம்லினின் பக்கவாட்டு 20 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மண் வழுக்கும். வேர்த்தடுப்புத் தாள் வழவழப்பானது. ஐப்பசி மழையில் புல் மொத்தமும் பாய் சுருட்டினாற்போல் கீழே வந்துவிடும். ஒரு மீட்டருக்கு ஒரு குறுக்குச் சட்டம், அதன்மேல் கயிற்றுநார் வலை. சட்டத்தை ஆணியடித்து நீர்த்தடுப்பைத் துளைக்காமல் முகட்டிலிருந்து தொங்கவிட வேண்டும். கிக்குயூ புல் வேண்டவே வேண்டாம். கொடி ஓடி ஓரத் தகட்டுக்குள் நுழையும். மலைப்புல்லைக் கொத்துக் கொத்தாக நடு. சீகை (வாட்டில் மரம்) விதை முளைத்தால் மூன்று மாதத்துக்குள் பிடுங்கணும், விட்டால் வேர் தாளைக் கிழிக்கும்.

தரையிலிருந்தே ஏறும் கூரை என்று எழுதியிருக்கிறாய். கொடைக்கானலில் அதில் முதலில் ஏறப்போவது காட்டுமாடு. வளர்ந்த கடா 800 கிலோவைத் தாண்டும், ஒரு குளம்புக்கு 200 கிலோ. தாள் என்ன ஆகும், புல்லில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்ன ஆவார்? மேல்பக்கம் 2 மீட்டர் அகலப் பள்ளமும் அதன் கட்டடப் பக்கம் 2 மீட்டர் நேர்ச்சுவரும் வை. தூரத்திலிருந்து பார்த்தால் மேடு தொடர்வது போலவே இருக்கும்.

வெள்ளை கான்கிரீட் ஒரு மழைக்காலத்தில் பச்சையாகும், அடுத்ததில் கறுப்பாகும். உள்ளூர்க் கருங்கல்லே போதும். பனியாறு பாறையில் இழுத்த கீறல் மாதிரி உளியால் வரி கொத்தலாம். ஆனால் படுக்கை வரியாகக் கொத்தினால் ஒவ்வொரு வரியிலும் தண்ணீர் தங்கிப் பாசி கட்டும். 30 டிகிரியாவது சாய்த்துக் கொத்து. வரி முடியும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன வாய் விடு. இரும்புச் சட்டங்களை 6 மீட்டர் துண்டுகளாக வரை, வத்தலகுண்டு சாலை வளைவுகளை மறந்துவிடாதே.

மனுநீதி:
சுருக்கமாக: மலைநகரக் கட்டட விதிகளில் உயர வரம்பு 7 மீட்டர். மேட்டுக்கூரைக்கு எந்த மட்டத்திலிருந்து அளந்தீர்கள் என்று வெட்டுப்படத்தில் காட்டுங்கள். 2017 ஈரநில விதிகள், பத்தாண்டு சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. பொழுதுபோக்குக்காகக் கட்டிய நீர்நிலை ஈரநிலம் என்ற விளக்கத்திலேயே வராது என்று சிலர் வாதாடுவார்கள். அந்த ஓட்டையில் நுழையாதீர்கள். உங்களுக்குச் சரிவில் இடம் இருக்கிறதே.

மஞ்சுமேடு:
எல்லாருக்கும் நன்றி. சதுப்பை விட்டுவிட்டுக் கட்டடத்தைச் சரிவின் அடிவாரத்துக்குத் தள்ளுகிறேன். அப்படியானால் மழைநீர்க் குளங்களை மேல்சரிவில் வைக்கலாமா? அடியில் நீர் கசியாத ஷீட் விரிக்க வேண்டுமா?

வாய்க்கால்வரப்பு:
மேல்சரிவில் வேண்டாம். கட்டடத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் மேலே நீரை மண்ணுக்குள் இறக்குவது, நிலச்சரிவுக்கு நாமே தாம்பூலம் வைத்து அழைப்பது மாதிரி. கட்டடத்துக்கும் சதுப்புக்கும் நடுவே இருக்கும் மேட்டு ஓரத்தில் வையுங்கள்.

கணக்கு இப்படி. கூரையும் தளமுமாக 2,000 ச.மீ., ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை, வழிவு (மண்ணில் ஊறாமல் ஓடிவரும் பங்கு) 0.85 என்று வைத்தால் 85 கன மீட்டர். குளத்தின் ஒரு ச.மீட்டரில் மேலே தேங்குவது 300 லிட்டர், 600 மி.மீ. வடிமண்ணில் கால்பங்கு இடைவெளி, 150 லிட்டர். அடியில் 300 மி.மீ. ஜல்லியில் 35 சதவீதம், 105 லிட்டர். மொத்தம் 555. வகுத்தால் 153 ச.மீ. வருகிறது. கரையை 1:3 சரிவாக விடுவதால் கொள்ளளவு குறையும், 200 ச.மீ. எடுங்கள். நான்கு குளம், தலா 50.

ஷீட் விஷயத்தில் பலர் தவறுவது இங்கேதான். சதுப்பை ஒட்டிய இடத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். ஷீட்டுக்கு வெளியே நீர்மட்டம் உள்ளே இருப்பதைவிட ஒரு மீட்டர் உயர்ந்தால் ச.மீட்டருக்கு 1,000 கிலோ மேல்நோக்கித் தள்ளும். குளத்தின் நடுவே ஷீட் ஆமை முதுகு மாதிரி எழும்பி நிற்கும். முதலில் நான்கு இடத்தில் குழாய் இறக்கி ஒரு மழைக்காலம் முழுக்க நீர்மட்டம் பாருங்கள். குளத்தின் அடிமட்டம் அந்த உச்ச மட்டத்துக்கு மேலே இருக்குமென்றால் ஷீட் போடுங்கள். இல்லையென்றால் குளத்தை அங்கே வைக்காதீர்கள்.

அடியில் 110 மி.மீ. துளைக்குழாய், 100-க்கு 1 சரிவு. குழாய்மேல் துணி சுற்றாதீர்கள், இந்தச் செம்மண்ணின் களி அதை அடைத்துவிடும். முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் பேபி ஜல்லி (பொடி ஜல்லி), அதன்மேல் பெருமணல் என்று அடுக்கினாலே வடிகட்டும். வடிமண்ணில் உரம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதன் பாஸ்பரஸ் ஏரிக்குப் போய் ஏற்கெனவே மண்டும் களைக்குத் தீனியாகும்.

ஏரிச் சாலையில் குதிரை ஓடுகிறது. துளைக் கான்கிரீட் தளம் போட்டால் சாணமும் மண்ணும் சேர்ந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கருங்கல் பதித்து 10 மி.மீ. இடுக்கில் பேபி ஜல்லி நிரப்புங்கள். அடைத்தால் சுரண்டி மாற்றலாம். குளத்தின் வாயில் ஒரு வண்டல் தொட்டி, மண்வெட்டி இறங்குகிற அகலத்தில்.

இன்னொன்று: இந்தக் குளங்கள் 24 மணி நேரத்தில் வடிய வேண்டும், கொசுவுக்காகவும் அடுத்த மழைக்காகவும். அதனால் பெரும்பாலான நாள் கோரைப்புல் பள்ளமாகத்தான் தெரியும். மேகம் தெரியும் கண்ணாடிக் குளமாகப் படத்தில் வரையாதீர்கள்.

பேழை:
உள்ளே ஈரப்பதம். குளிர்சாதனத்தை மறந்துவிடுங்கள், இங்கே மிதமான சூடுதான் மருந்து. வெளியே 12 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்றால், அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினாலே 54 சதவீதமாக இறங்கும். பூஞ்சை பிடிக்க அது போதாது. ஆனால் பார்வையாளர் ஒருவர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவி விடுவார். 100 பேர் என்றால் 5 லிட்டர். நனைந்த குடையும் ஸ்வெட்டரும் தனி. நுழைவில் 25 ச.மீ. முன்கூடம், துளைப்பலகைத் தரை, குடை வைக்க இடம் கொடுங்கள். கதவு இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காத தூரத்தில் இருக்கட்டும்.

ஈரம் உறிஞ்சும் கருவியில் இரண்டு வகை. குளிர்சுருள் வகை 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனி கட்டி நின்றுவிடும். சிலிக்கா ஜெல் சக்கர வகை எடுங்கள். பீட் உருளை, தாவர உலர்தாள், பூச்சிப் பெட்டி போன்றவற்றுக்கு அறை முழுவதையும் கட்டுப்படுத்துவது வீண்செலவு. இறுக்கமான பேழை, அதனடியில் தனி இழுப்பறையில் சிலிக்கா ஜெல். கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய பாதுகாப்பான அளவு. ஜெல்லை மாற்றப் பொருளைத் தொட வேண்டியிராதபடி இழுப்பறை வெளியே திறக்கணும்.

ஏரிப் பக்கக் கண்ணாடிக்கு: உள்ளே 18 டிகிரி, வெளியே 6 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 9 டிகிரிக்கு அருகே போய்விடும். கூட்டத்தால் ஈரப்பதம் 70 ஆனால் 12.5 டிகிரியிலேயே பனித்துளி கட்டும். இரட்டைக் கண்ணாடியில் உள்முகம் 13.6 இருக்கும், தப்பிக்கும். ஆனால் அலுமினியச் சட்டத்தில் நடுவே வெப்பத்தடை இல்லையென்றால் கண்ணாடி காய்ந்திருக்க, சட்டம் மட்டும் சொட்டும். சட்டத்தின் அடியில் வடிகாலும் வெளித்துளையும் வரைந்துவிடுங்கள். கூரைக் கான்கிரீட் வெளியே நீட்டும் விளிம்பிலும் இதே கதைதான்; அங்கே மேலும் கீழும் வெப்பக்காப்பு சுற்றாவிட்டால் உள்கூரையின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும்.

மஞ்சுமேடு:
மேடம், பீட் உருளையைக் காயவிட்டுக் காட்டலாமா, ஈரமாகவே வைக்க வேண்டுமா?

பேழை:
காயவிட்டால் சுருங்கி வெடித்து அடுக்கு தெரியாமல் போகும். ஈரமாக வைத்தால் பேழைக்குள் பூஞ்சை. மூல உருளையைச் சுற்றிக்கட்டி 4 டிகிரி குளிர்பெட்டியில் ஆய்வுக்கு வைத்துவிட்டு, பிளந்த முகத்தைப் பசைத்துணியில் மெல்லிய தோலாக உரித்தெடுத்துப் பலகையில் ஒட்டிக் காட்டுங்கள். முதலில் சதுப்பில் உருளை எடுக்க வனத்துறை அனுமதி தேவைப்படுமா என்று பாருங்கள்.