கடனை விட்டுவிட்டு ஃபிளைட் ஏறியவர்கள்

"ஊருக்குப் போயிட்டா பேங்க்காரன் என்ன பண்ணுவான்?" துபாய், ஷார்ஜா பேச்சிலர் அறைகளில் இந்தக் கேள்வி ஓயாது. அப்படிப் போன இருவரை எனக்கு நன்றாகவே தெரியும்.

ஒருவர் என் ரூம்மேட், திருநெல்வேலிக்காரர். வேலை போனதும் பர்சனல் லோனையும் கார்டு பாக்கியையும் அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் லோன் கொடுக்கும்போதே தேதி போடாத செக்யூரிட்டி செக்கில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். தவணை நின்றால் அதைப் போடுவார்கள், பணமில்லாமல் திரும்பினால் நேரே போலீஸ் கேஸ். சில வருடம் கழித்து வேறு கம்பெனி விசாவில் வந்து இறங்கியவரை இமிக்ரேஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். ஊரில் நகையை விற்றுப் பணம் அனுப்பிய பிறகுதான் விட்டார்கள்.

2022 ஜனவரி 2 முதல் அமீரகத்தில் சட்டம் மாறிவிட்டது. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது மட்டும் இப்போது குற்றமில்லை. வேண்டுமென்றே கணக்கை மூடுவது போன்ற வேலைகள் செய்தால் இன்றும் குற்றம்தான். இதைக் கேட்டு நிம்மதியானவர்கள் நிறையப் பேர். எனக்கென்னவோ வங்கிக்குத்தான் வேலை சுலபமானது என்று தோன்றுகிறது. தனியாக வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை, திரும்பிய செக்கை எடுத்துக்கொண்டு நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்கே (தீர்ப்பை அமல்படுத்திப் பணம் வசூலித்துத் தரும் நீதிமன்றம்) போகலாம். கணக்கு முடங்கும். பாக்கி 10,000 திர்ஹாமைத் தாண்டினால் டிராவல் பேனும், அதாவது நாட்டை விட்டு வெளியேறத் தடையும், கேட்கலாம்.

இன்னொருவர் தஞ்சாவூர்ப் பக்கம். கொரோனா நேரத்தில் போனவர், திரும்பி வரும் எண்ணமே இல்லை. "அங்க கோர்ட்டு, இங்க எனக்கென்ன?" என்பார். ஆனால் 2020 ஜனவரி 17-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி, அமீரக நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இந்தியத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். இது அவருக்குத் தெரியவே தெரியாது. முதலில் ரெக்கவரி ஏஜென்ட் போன், மச்சானுக்குக்கூட அடித்திருக்கிறார்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ்.

நல்லவேளை, அவர் பார்த்த வக்கீல் பயமுறுத்தவில்லை. கடன் கட்டவில்லை என்பதற்காக மட்டும் இங்கே ஜெயிலில் போட முடியாது, கையில் வசதி வைத்துக்கொண்டு ஏமாற்றினால்தான் அந்தப் பேச்சு; 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடு அம்மா சம்பாதித்து வாங்கியது என்பதால் அதைத் தொட முடியாது. அவர் பெயரில் இருந்த மனையைத்தான் ஜப்தி செய்யலாம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தீர்ப்பு என்றால், விஷயத்தை விசாரித்துத்தான் கொடுத்தார்களா என்று அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் கேள்வி எழுப்பலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், பேசி முடியுங்கள் என்றார்.

பேசினார்கள். வட்டியிலும் அபராதத்திலும் பெரும்பகுதி குறைந்தது. ஏஜென்ட் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னானாம்! வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. செட்டில்மென்ட் தொகையை வங்கி லெட்டர்ஹெட்டில் வாங்கிய பிறகுதான் பணம் போனது, அதுவும் லோன் கணக்குக்கே. பாக்கி எதுவும் இல்லை என்ற க்ளியரன்ஸ் லெட்டர் வந்தது. செக்யூரிட்டி செக்கை மட்டும் இன்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய பாக்கி இருக்கிறதே என்று யோசிப்பவர்கள் டிக்கெட் போடும் முன் துபாய் போலீஸ் ஆப்பில் எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) எண் கொடுத்துப் பாருங்கள், துபாயில் நிதி வழக்கு நிலுவையில் உள்ளதா என்று காட்டும். அபுதாபிக்கு அங்குள்ள நீதித்துறையின் சேவை தனி.