அஃபிஷியல் விசிட் முடிந்து 3 வாரம், அணியில் இடம் தரும் ஆஃபர் பற்றிப் பேச்சே இல்லை

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் 12ஆம் வகுப்பு, நீச்சல். 100 யார்டு பட்டர்ஃப்ளையில் 55.9 வினாடி. செப்டம்பர் கடைசியில் ஒரு டிவிஷன் 1 கல்லூரி (கல்லூரி விளையாட்டில் மேல் மட்டம்), அணிக்கு ஆள் பார்க்கும் அஃபிஷியல் விசிட்டுக்குக் கூப்பிட்டது. டிக்கெட், சாப்பாடு, 2 ராத்திரி தங்கல் எல்லாம் அவர்கள் செலவு. லாக்கரில் இவள் பெயரை ஒட்டி, அணி உடையில் படமெல்லாம் எடுத்தார்கள். நிச்சயதார்த்தமே முடிந்த மாதிரி வீட்டில் சந்தோஷம். கிளம்பும்போது கோச் "சீக்கிரம் பேசுகிறேன்" என்றார். அவ்வளவுதான்.

மகள் 2 மெயில், ஒரு மெசேஜ் அனுப்பினாள். பதில் இல்லை. கிளப் கோச் கூப்பிட்டார், வாய்ஸ்மெயில். நான் பேசவில்லை, அப்பா அம்மா நுழைந்தால் காரியம் கெடும் என்கிறார்கள். 2025இலிருந்து பல கல்லூரிகளில் அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டதே, இடம் தீர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு டிவிஷன் 3 கோச், நவம்பர் 1க்குள் எர்லி டிசிஷன் (முன்கூட்டியே போடும் சேர்க்கை விண்ணப்பம்) போடச் சொல்கிறார். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: இந்தக் கெடு தேதியைச் சொல்லி, முதல் கோச்சிடம் ஆஃபர் உண்டா இல்லையா என்று மகளே நேராகக் கேட்கலாமா?