வளைந்த சுவர்கள் கொண்ட வீட்டில் சிற்பிகள் முகாமும் கண்காட்சியும்: ஆலோசனை தேவை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் என் பெரியப்பா, செலவு குறைந்த செங்கல் வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் முறையைப் பின்பற்றிக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. நேர்ச்சுவர் என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுகூட இல்லை. அங்கே நின்ற புளியமரத்தை வெட்ட மனமில்லாமல் அதைச் சுற்றியே அறைகளை வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். செங்கல்லுக்குப் பூச்சு கிடையாது, ஜன்னலுக்குப் பதிலாகப் பெரும்பாலும், காற்றும் வெளிச்சமும் வரச் செங்கற்களுக்கிடையே துளைவிட்டுக் கட்டிய ஜாலிதான். கார்த்திகை முதல் தை வரை சிற்பிகள் சிலரை அங்கே தங்கவைத்து, அவர்கள் செய்தவற்றை அதே வீட்டில் காட்சிக்கு வைக்க விரும்புகிறோம். வெள்ளைப் பலகைத் தடுப்புகளை நிறுத்தினால்தான் சிற்பம் எடுப்பாகத் தெரியும் என்கிறார் உறவினர் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாடியையும் பயன்படுத்தலாமா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (திருவனந்தபுரம்):
தடுப்புகள் வேண்டவே வேண்டாம். தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சுருளாக ஏறும் தளத்தின் ஓரத்தில் மேசைகளையும் இருக்கைகளையும் பேக்கர் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார். வெளியிலிருந்து வாங்கிய மேசை அங்கே பொருந்தியிருக்காது. சிற்பத்துக்கும் அதுவே பொருந்தும். வேறிடத்தில் செய்து முடித்ததைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, சிற்பி முதலில் அங்கே வசித்து, எந்த வளைவில் எந்த நேரத்தில் வெயில் விழுகிறது என்று பார்த்த பிறகு வேலையைத் தொடங்கட்டும். உங்கள் மாவட்டத்திலேயே, மலம்புழாவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் முடித்த யக்ஷி என்னும் பெரிய பெண் சிலை, பின்னால் இருக்கும் மலைகளைக் கணக்கில் கொண்டு அந்த இடத்திலேயே உருவானதால்தான் இன்றும் அவ்வளவு கம்பீரமாக இருக்கிறது.

பதில் 2 (சுடுமண் சிற்பி, கோயம்புத்தூர்):
மேலே சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த பருவத்தில் மண் வேலைக்கு ஓர் ஆபத்து உண்டு. கார்த்திகை பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் வீசும். ஜாலி வைத்த வீட்டில் அது அறைக்குள்ளேயே புகுந்துவிடும். பச்சைமண் சிற்பத்தில் விரல், காது போன்ற மெல்லிய பகுதிகள் முதலில் உலர்ந்து சுருங்க, தடித்த உடற்பகுதி ஈரமாகவே இருக்க, இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். ஆகவே மண் வேலைக்குக் கிழக்குப் பார்த்த அறையைக் கொடுக்காதீர்கள். இரவில் ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன்மேல் பாலிதீன் தாளைச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பெரிய உருவங்களை உள்ளே குடைந்து, சுவர்க்கனம் எங்கும் ஒரே அளவாக இருக்கும்படி செய்வது அவசியம். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் வெடித்துவிடும். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: பூச்சில்லாத செங்கல்லுக்கு முன்னால் சுடுமண் சிற்பம் நிறத்தில் கரைந்துபோகக்கூடும். அதற்கு வெள்ளைப் பலகை மருந்தல்ல. பின்னால் சுவர் இல்லாத இடத்தில், புளியமர நிழலில் அவற்றை வைத்துப் பாருங்கள்.

பதில் 3 (கட்டடப் பொறியாளர், பாலக்காடு):
மாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குடியிருப்புத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே (ஆட்கள், பொருட்களின் எடை) வடிவமைக்கிறார்கள். கருங்கல் ஒரு கன அடியே ஏறக்குறைய 75 கிலோ வரும் என்பதால், ஆளுயரக் கற்சிலையையும் அதைச் சுற்றி நிற்கும் பார்வையாளர் கூட்டத்தையும் மேலே ஏற்றாதீர்கள். மாடித் தளம், கான்கிரீட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஓடு பதித்த ஃபில்லர் ஸ்லாப் என்றால், நேரில் பார்த்த பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வைக்க வேண்டாம். சுவர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கும் ராட் டிராப் கட்டாக இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கும். கனமான புடைப்புச் சிற்பத்தை ஆணியடித்துத் தொங்கவிடாமல் தரையில் தாங்கி வைத்து நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. தடுப்புகள் வைக்கும் யோசனையைக் கைவிடுகிறோம். கல் வேலை முற்றத்தில் நடக்கட்டும். மண் வேலைக்கு மேற்கு அறையை ஒதுக்குகிறேன். பெரிய உருவங்களைச் சுடுவதற்குத் தோட்டத்திலேயே சூளை போடுவதா, பக்கத்துக் குயவர்களிடம் கேட்பதா என்று கோயம்புத்தூர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 2 (தொடர்ச்சி):
குயவர்களிடமே முதலில் கேளுங்கள். உங்கள் ஊர் மண்ணும் அந்தக் காற்றும் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சுடும் நாளன்று சிற்பிகளும் அவர்களோடு இருக்கட்டும். கூலியைப் பேசும்போதே கண்காட்சி அறிவிப்பில் அவர்கள் பெயர்களையும் தமிழிலும் மலையாளத்திலும் போடுவதாகச் சொல்லிவிடுங்கள்.