மார்செய் நகரின் கோடையைத் தீர்மானிக்கும் காற்று: எங்கள் விடுமுறை அனுபவம்

பிரான்சின் தென்கரையில் உள்ள மார்செய் நகருக்குக் கோடை விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் தங்குமிடத்துக்கும் தொடருந்துக்கும் முன்பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவது வழக்கம். மார்செய்க்கு அது போதாது. அந்த நகரத்தின் கோடையை நடத்துவது மிஸ்திரால் என்னும் காற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து உலர்ந்து இறங்கி வரும் அந்தக் காற்று வீசும் நாளில், நகரின் தெற்கே உள்ள பைன் காடுகளில் விழும் ஒரு தீப்பொறி கட்டுக்கடங்காத நெருப்பாகிவிடும். ஆகவே ஜூன் தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை, மறுநாள் காட்டுப் பாதைகள் திறந்திருக்குமா என்பதை அரசு நிர்வாகம் முந்தைய நாள் மாலையில்தான் அறிவிக்கிறது.

நாங்கள் பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிப்பவர்கள். அதிவேகத் தொடருந்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம் அது. பிள்ளைகளின் ஆசையெல்லாம் கலாங்குகளைப் பார்ப்பதில்தான் இருந்தது. மார்செய்க்கும் காசிஸுக்கும் இடையில், வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறைகளைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே புகுந்திருக்கும் குறுகிய குடாக்களையே அப்படி அழைக்கிறார்கள். 2012 முதல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக உள்ளது. அவற்றுள் ஒன்றான சுஜிதோனுக்கு ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்து குவிந்த காலம் இருந்தது. 2022 முதல் கோடையின் நெருக்கடியான நாள்களில் 400 பேருக்கு மட்டுமே அனுமதி தருகிறார்கள். முன்பதிவுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அது சில நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் விழிப்பாக இருக்க வேண்டும்.

லுமினி பல்கலைக்கழக வளாகம் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து நடந்தோம். அனுமதியைச் சரிபார்த்த பூங்காப் பணியாளர் ஓர் இளம்பெண். இவ்வளவு பெரிய இடத்துக்கு ஏன் இவ்வளவு குறைந்த ஆள்கள் என்று என் இளைய மகள் கேட்டபோது, அவர் அவளை அருகில் இருந்த பைன் மரம் ஒன்றின் அடிக்கு அழைத்துச் சென்றார். அதன் வேர்கள் தரைக்கு மேலே வெறுமையாகக் கிடந்தன. ஒரு காலத்தில் அவை மண்ணுக்குள் இருந்தன என்றும், ஆயிரக்கணக்கான கால்கள் மண்ணை இளக்க, மழை அதைக் கடலுக்கு அடித்துச் சென்றது என்றும், மண் இல்லாத இடத்தில் புதிய கன்றுகள் முளைப்பதில்லை என்பதால் இந்த மரங்களுக்குப் பின் இங்கே மரமே இராது என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். விதியை ஒப்பிப்பதோடு நிறுத்தாமல், குழந்தைக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணியதை நான் பெரிதாக மதிக்கிறேன். கீழே கூட்ட நெரிசல் இல்லை. சில்வண்டுகளின் ஒலி இடைவிடாமல் கேட்டது. குடிநீர் அங்கே எங்கும் கிடைக்காது, நிழலும் குறைவு. தேவையான தண்ணீரை நகரிலிருந்தே சுமந்து செல்ல வேண்டும்.

அதன் பின் மிஸ்திரால் தொடங்கியது. காட்டுப் பாதைகள் மூடப்பட்டன; இஃப் கோட்டைத் தீவிலும் படகுகள் கரை சேர முடியவில்லை. வானம் மாசின்றி இருந்ததால் கத்தலான் கடற்கரைக்குச் சென்றோம். முந்தைய நாள் இதமாக இருந்த நீர் குளிர்ந்து விறைக்க வைத்தது. பேரப் பிள்ளைகளுடன் வந்திருந்த, இந்தியப் பெருங்கடலில் உள்ள கொமொரோஸ் தீவுகளைச் சேர்ந்த ஒரு மூதாட்டி எங்கள் வியப்பைக் கண்டு தாமாகவே விளக்கினார்: காற்று மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழுந்து அந்த இடத்தை நிரப்புகிறது. மணமாகி இந்த நகருக்கு வந்த முதல் கோடையில் தமக்கும் இது புரியவில்லை என்றார். மார்செய்யில் கொமொரோஸ் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள் என்று அறிந்திருந்தேன். அவர்களில் ஒருவருடன் அமர்ந்து பேசியது அன்றுதான்.

எங்கள் ஊரைக் கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் அவருக்குத் தெரியவில்லை. இலங்கை என்றதும், அதே சமுத்திரம் என்று என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். சோளகமும் வாடையும் மாறி வீசும் மாதங்களை அறிந்து வளர்ந்த மாமியாரும், பருவக்காற்றுத் திசை மாறும் தீவில் பிறந்த அவரும், நான் மொழிபெயர்க்க, காற்றைப் பற்றியும் மீன் பிடிக்கும் காலத்தைப் பற்றியும் நெடுநேரம் பேசினார்கள். பிரெஞ்சு தெரியாததால் பாரிஸில் அயலாருடன் பேசாமலே காலம் கழித்த மாமியார் அவ்வளவு பேசியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிறைவு இதுவே.

காற்று வீசும் நாள்களுக்கு கொஸ்கேர் குகையின் மாதிரி நல்ல தெரிவு. ஆன்றி கொஸ்கேர் என்னும் முக்குளிப்பாளர் 1985இல் கண்டறிந்த அசல் குகையின் வாயில் கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே இருப்பதால், அதன் பழங்கற்கால ஓவியங்களை 2022இல் நகருக்குள்ளேயே மறுபடைப்பாக அமைத்திருக்கிறார்கள்.

மிஸ்திரால் தணிந்தாலும் கடல் உடனே சூடாவதில்லை. அதற்கும் சில நாள்கள் பிடிக்கும். நீந்துவதையே நோக்கமாகக் கொண்டவர்கள் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தங்குவது நல்லது. சுஜிதோன் அனுமதி கிடைத்தவர்கள் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டே பேருந்து நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.