ரமேஷ் நிச்சயமும் லடாக் டிக்கெட்டும்: குடும்பக் குழு

சரோஜா: கார்த்தி, லடாக்குக்கு டிக்கெட் போட்டாச்சாமே. 21 அண்ணன் நிச்சயம். ஞாபகம் இருக்குல்ல?

கார்த்தி: இருக்கும்மா. ஆகஸ்ட் 8 ஃப்ளைட்ல லே நகரம். 10 ரும்ட்சே கிராமத்துல இருந்து நடை. 16 கோர்சோக் கிராமத்துல நடை முடியுது. 17 ஜீப்ல லே, 18 ஃப்ளைட். நடுவுல ரெண்டு நாள் மிச்சம் இருக்கு.

ரமேஷ்: மாப்பிள்ளை நான். அவன் இல்லாட்டியும் நடக்கும்

செல்வம்: 8 இறங்கி 10 நடையா? யார் போட்ட திட்டம் இது?

நித்யா: எல்லாரும் அப்படித்தான் போறாங்களாம் மாமா

ரமேஷ்: சித்தப்பா டைப்பிங்... யாராவது டீ போடுங்க

செல்வம்: லே 3,500 மீட்டர். ஃப்ளைட்ல போய் இறங்குறதால உடம்பு பழக நேரமே இல்ல. ரும்ட்சே 4,100க்கு மேல. முதல் முகாம் கியாமர் 4,400 பக்கம். அடுத்த ராத்திரி திசாலிங், கிட்டத்தட்ட 4,900. 3,000 மீட்டரைத் தாண்டிட்டா தூங்குற உயரத்தை ராத்திரிக்கு 500க்கு மேல கூட்டக் கூடாது, ஆயிரம் ஏறினா ஒரு நாள் அங்கேயே கிடக்கணும். நீங்க ரெண்டு ராத்திரியில 1,400 ஏத்துறீங்க. பகல்ல எந்தக் கணவாய்க்குப் போயிட்டு வந்தாலும் கவலையில்ல, எங்க படுக்குறோம்ங்கறதுதான் கணக்கு.

கார்த்தி: தினமும் 10 கிலோமீட்டர் ஓடறேன் சித்தப்பா

கீதா: ஓடறதுக்கும், உயரத்துல ஆக்சிஜன் குறைஞ்சு வர்ற மலை நோய்க்கும் சம்பந்தமே இல்ல கார்த்தி. தெம்பு இருக்கறவன் வேகமா ஏறிடுவான், அதனாலயே முதல்ல படுப்பான்.

சரோஜா: *பலமுறை பகிரப்பட்டது* கற்பூரத்தை மோந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் உடனே ஏறும்! மலை ஏறுவோர் அனைவருக்கும் அனுப்பவும் 🙏🙏

கீதா: ஏறாது அண்ணி. மூக்குல குளுகுளுன்னு இருக்கும், அவ்வளவுதான். வாயில போட்டா விஷம்.

சரோஜா: நான் என்ன திங்கவா சொன்னேன்

நித்யா: ஸ்ப்ரே டப்பா ஆக்சிஜன் வாங்கலாமா?

கீதா: அது சில நிமிஷத்துல தீர்ந்துடும். அந்தக் காசுக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கு. விரலைச் சூடு பண்ணிட்டு மாட்டு, குளிர்ந்த விரல்ல தப்பாக் காட்டும். 4,500ல 80-85 காட்டினா அலறாத. நம்பரை விட ஆள் எப்படி இருக்கான்னு பாரு.

செல்வம்: மலை நோய்க்கு முதல் மருந்து கீழ இறங்குறது. மத்த மலைன்னா 500 மீட்டர் சரசரன்னு இறங்கிடலாம். இது ரூப்ஷு, சாங்தாங் பீடபூமியோட ஓரம். நாலு பக்கமும் 4,500. சோ கார் ஏரிகிட்ட ரோடு வருதுன்னு தைரியமா இருப்பீங்க. அங்கிருந்து மணாலி ரோட்டுல லே வரணும்னா தக்லாங் லா கணவாய் ஏறித்தான் இறங்கணும், அது 5,300. இன்னொரு வழி போலோகோங்கா லா தாண்டி பூகா, மாஹே, அப்புறம் சிந்து ஆத்தோரமா சுமதாங் வழியா லே. அதுவும் முதல்ல ஏத்தம்தான். சோ காரைத் தாண்டிட்டா கோர்சோக் வரைக்கும் வண்டியை நம்பவே முடியாது. கடைசிக் கணவாய் யாலுங் நியாவ் லா 5,400. அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல பாதிதான். அதனால பழக்கத்தை லேயிலயே முடிச்சிட்டுப் போகணும், வழியில பாத்துக்கலாம்னா முடியாது. லேல மூணு ராத்திரி, ரும்ட்சேல ஒண்ணு.

கார்த்தி: அப்போ 21?

ரமேஷ்: 👀

சரோஜா: தம்பி, நீங்க ஆரம்பிச்சு வெச்சுட்டீங்க

செல்வம்: அண்ணி, நான் கணக்கைத்தான் சொல்றேன்

ரமேஷ்: கொடைக்கானல் வேனுக்கும் கணக்குத்தான் சொன்னீங்க சித்தப்பா

செல்வம்: அது டிரைவர் தப்பு.

கீதா: நித்யாவுக்கு சல்ஃபா மாத்திரை ஒத்துக்காது. மலை நோய் வராம தடுக்கிற டயமாக்ஸும் அந்த ரகம்தான், யோசிச்சுத்தான் கொடுக்கணும், இங்கேயே டாக்டரைக் கேட்டுட்டுப் போகட்டும். கார்த்தி 125 மி.கி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஃப்ளைட்டுக்கு முந்தின நாள்ல இருந்து. விரல் நுனி மரத்துப் போற மாதிரி இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், சோடா சப்புன்னு இருக்கும். பயப்படாத. தூக்க மாத்திரை, சரக்கு ரெண்டும் கூடாது.

சரோஜா: சரக்கா???

கார்த்தி: அத்தை பொதுவாச் சொல்றாங்கம்மா

நித்யா: அப்போ எனக்கு மாத்திரை இல்லாட்டி மெதுவா ஏறினாத்தான் உண்டா

கீதா: ஆமா. அதான் அண்ணன் சொல்ற ராத்திரிக் கணக்கு உனக்கு இன்னும் முக்கியம்.

கீதா: தலைவலியோட வாந்தி, சோர்வு, கிறுகிறுப்பு இதுல எது வந்தாலும் அங்கேயே நில்லு, மேல ஏறாத. ஒரு காலுக்கு முன்னாடி அடுத்த காலை ஒட்டி வெச்சுக் கோட்டுல நடக்கச் சொல்லு, தள்ளாடினா மூளையில வீக்கம். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினா நுரையீரல்ல நீர். ரெண்டுக்கும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரல் நீருக்கு நிஃபெடிபைன், ரெண்டு மருந்தும் கிட்ல இருக்கணும். அளவைத் தாள்ல எழுதி ஒட்டித் தர்றேன், போன்ல வெச்சா சார்ஜ் போயிடும்.

ரமேஷ்: பிரீபெய்டு சிம் அங்க எடுக்காது. வெளி மாநில நம்பர்னா போஸ்ட்பெய்டு மட்டும்தான்

கார்த்தி: அய்யோ என்னோடது பிரீபெய்டு

செல்வம்: போஸ்ட்பெய்டு இருந்தாலும் நடுவுல டவர் இல்ல. சாட்டிலைட் போன் அனுமதியில்லாம வெச்சிருந்தா கேஸ்.

நித்யா: தண்ணி எவ்வளவு மாமா?

செல்வம்: ஒரு நாளைக்கு 4 லிட்டர். லேல வருஷம் முழுக்கப் பெய்யறதே சுமார் 100 மில்லிமீட்டர். அந்த வறண்ட காத்துல வேர்வை தோல்ல நிக்காது, வேர்க்கலன்னு நினைச்சுக் குடிக்காம விட்டுடுவீங்க. மூச்சுலயே நிறைய ஈரம் போயிடும். மூத்திரம் வெளிர் மஞ்சளா இருக்கணும். அதுக்காக வெறும் தண்ணியாவே 6 லிட்டர் குடிச்சா உப்பு கரைஞ்சு அதுக்கும் தலைவலிதான் வரும், மலை நோய்னு குழம்பிடுவீங்க. ஒரு லிட்டர் உப்புக் கரைசல், மீதி வெறும் தண்ணி, நடுவுல உப்புப் போட்ட ஏதாவது தின்னணும். சோ கார் உப்பு ஏரி, குடிக்க ஆகாது. அன்னைக்கு முந்தின ஓடையிலயே பாட்டில் எல்லாத்தையும் நிரப்பிக்கணும்.

நித்யா: காய்ச்சணுமா?

கீதா: கண்டிப்பா. 4,500ல தண்ணி 85 டிகிரியிலேயே கொதிச்சுடும். கிருமி சாக அது போதும், மூணு நிமிஷம் கொதிக்க விடு. ஆனா பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாம சமையல் கிடையாது, சமையல்காரர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோ.

சரோஜா: குக்கர்னதும் ஞாபகம் வருது. என் 5 லிட்டர் குக்கர் யார் வீட்ல இருக்கு கீதா?

கீதா: அண்ணி அதைப் போன பொங்கலுக்கே கொடுத்தாச்சு

சரோஜா: மூடி வந்துச்சு. குக்கர் வரல.

ரமேஷ்: 😂😂😂

கீதா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வம்: விஷயத்துக்கு வாங்க. இன்னும் எட்டு வாரம் இருக்கு. ஓட்டத்தைக் குறைச்சுட்டு மாடிப்படி ஏறு கார்த்தி, முதுகுல 6 கிலோ, வாரத்துக்கு மூணு நாள், ஒரு மணி நேரம். இறங்கும்போது மெதுவா இறங்கணும், தொடைத் தசை இழுபட்டுக்கிட்டே தாங்குற வேலை அது. கணவாய்க்குக் கணவாய் சரளைக்கல்லுல இறங்குறதுலதான் முட்டி போகும். குச்சி ரெண்டு, இறக்கத்துல கொஞ்சம் நீளமாக்கிக்கோ. ஷூ அரை சைஸ் பெருசு, இறங்கும்போது விரல் முன்னாடி இடிச்சா நகம் கழண்டுடும். நகத்தை வெட்டிட்டுப் போ. வேகம் பேசிக்கிட்டே நடக்கிற அளவு, ஏத்தத்துல மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் வந்தாலே நல்லது.

ரமேஷ்: அதுக்கு எங்க முட்டி வலிக்காரரைக் கூட்டிட்டுப் போங்க, இயற்கையாவே ரெண்டு கிலோமீட்டர்தான்

சரோஜா: அப்பாவைக் கிண்டல் பண்ணாதே

நித்யா: ஓடை கடக்கணுமாமே

செல்வம்: காலையிலேயே. வெயில் ஏற ஏற மேல பனி உருகும், சாயங்காலம் அதே ஓடை இடுப்பு வரைக்கும் வரலாம். பையோட இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துட்டு இறங்கணும், விழுந்தா உதறிட்டு வந்துடலாம். வெறுங்கால் வேண்டாம், செருப்பு தனியா. மத்தியானத்துக்கு மேல புழுதிக் காத்து, அதுக்குள்ள கூடாரம் அடிச்சிருக்கணும்.

கீதா: ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் மாதிரி புற ஊதா கூடும். பக்கமும் மூடின கருப்புக் கண்ணாடி, உதட்டுக்கும் சன்ஸ்கிரீன். பகல்ல சட்டையோட நடப்பீங்க, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போகும். பசியே இருக்காது, ஆனாலும் மணிக்கு ஒருமுறை ரெண்டு வாய் போடணும். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், பக்கத்துல படுத்தவங்க பயந்துடாதீங்க.

சரோஜா: மூச்சு நிக்குமா?? இந்தப் பயணமே வேண்டாம்

கார்த்தி: அம்மா 🤦

கார்த்தி: சரி சித்தப்பா, ரெண்டு நாள் தள்ளினா 20 காலையில ஃப்ளைட். 21 காலையில மண்டபம்.

செல்வம்: லே ஃப்ளைட் காத்து, மேகம்னு கேன்சல் ஆகும். 20 நம்பாதே. 6ஆம் தேதியே கிளம்பு.

நித்யா: எனக்கு 7 வரைக்கும் லீவ் இல்ல

ரமேஷ்: நிச்சயத்தை 23க்கு மாத்தலாமா, பெண் வீட்ல கேக்கவா

சரோஜா: கேட்டுப் பாரு, அப்புறம் தெரியும்

கார்த்தி: சாமான் சுமக்கிற குதிரைக்காரருக்கு லைன் போகல. நாளைக்குக் காலையில கூப்பிடறேன்

கீதா: நித்யா, டாக்டருக்குச் சனிக்கிழமை 11 மணி