பழைய அமெரிக்க காமிக்ஸ் அட்டைகளில் நாயகர்கள் பேருருவம் எடுப்பது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1950களிலும் 1960களிலும் வெளிவந்த அமெரிக்க காமிக்ஸ் இதழ்களின் அட்டைப்படங்களைச் சில மாதங்களாக வரிசையாகப் பார்த்துவருகிறேன். நமக்கு நன்கு தெரிந்த நாயகன் திடீரென்று மாடிக் கட்டடங்களின் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் காட்சி அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. டிடெக்டிவ் காமிக்ஸ் 243ஆம் இதழில் (மே 1957) பேட்மேன் வளர்கிறார். சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சன் தன் 53ஆம் இதழில் (ஜூன் 1961) ராட்சத ஆமை மனிதனாகிறான். ஆக்‌ஷன் காமிக்ஸ் 325ஆம் இதழில் (ஜூன் 1965) சூப்பர்மேனுக்கே அந்த முறை வந்துவிடுகிறது. அக்காலத்துத் திரைப்படங்களைப் பார்த்துத்தான் இப்படி வரைந்தார்களா?

நான் ஓவியம் பழகுபவள் என்பதால் இன்னொன்றும் கேட்கவேண்டும். நான் வரையும் பேருருவங்கள் பெரியவையாகத் தெரிவதில்லை. சாதாரண மனிதன் ஒருவன் பொம்மை வீடுகளுக்கு நடுவே நிற்பதுபோலவே தோன்றுகிறது. எங்கே தவறுகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம். திரைப்படம்தான் காரணம் என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட பேட்மேன் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். அணுகுண்டுக் கதிர்வீச்சால் ஒரு படைவீரன் வளர்ந்துகொண்டே போகும் 'தி அமேசிங் கொலோசல் மேன்' திரைக்கு வந்தது 1957ஆம் ஆண்டின் பிற்பகுதியில். இதழின் அட்டையில் இருப்பதோ மே மாதம்; அக்காலத்தில் இதழ்கள் அட்டையில் அச்சிட்ட மாதத்துக்கு முன்பாகவே கடைக்கு வந்துவிடும். ஆகவே இந்த இதழ் அந்தப் படத்துக்கு முந்தியது. 1939 டிசம்பர் தேதியிட்ட சில்வர் ஸ்ட்ரீக் காமிக்ஸ் முதல் இதழிலேயே, நினைத்தபோது பேருருவம் எடுக்கும் 'கிளா' என்ற வில்லனை ஓவியர் ஜாக் கோல் படைத்துவிட்டார். (ஆசியர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரம் அது. அதன் ஓவியத் திறனைப் பேசும்போது இதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.)

எனக்குத் தெரிந்தவரை முதன்மையான காரணம் கடைதான். பத்து சென்ட் காசோடு வரும் ஒரு சிறுவனின் பார்வைக்காக ஒரே கம்பி அடுக்கில் பல இதழ்கள் போட்டியிட்டன. உள்ளே என்ன நடக்கிறது என்பதைவிட, 'இது எப்படி நடந்தது?' என்ற கேள்வியை அட்டை எழுப்பியாக வேண்டும். பேட்மேன், சூப்பர்மேன் இதழ்களை வெளியிட்ட டிசி நிறுவனத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் போன்ற ஆசிரியர்கள் அட்டைப்படத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற கதையைப் பிறகு எழுதச் சொல்வதும் வழக்கமாக இருந்தது. 1954இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள் இரத்தத்தையும் கொடூரத்தையும் அட்டையிலிருந்து விரட்டிவிட்ட பிறகு, யாரையும் காயப்படுத்தாமலே திகைக்கவைக்கும் வழிகள் தேவைப்பட்டன. உருமாற்றம் அதற்கு மிகவும் வசதியாக அமைந்தது என்றே நான் கருதுகிறேன்.

பதில் 2

ஓவியம் பற்றிய கேள்விக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழின் (நவம்பர் 1961) அட்டையை அருகில் வைத்துப் பாருங்கள். ஓவியர் ஜாக் கிர்பி அதில் நாயகர்களைத் தாக்கும் ராட்சத மிருகத்தை முழுவதுமாக வரையவே இல்லை. சாலையைப் பிளந்துகொண்டு இடுப்புக்கு மேற்பட்ட பாகம் மட்டுமே வெளியே வந்திருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் மீதி உடல் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நம் மனமே அளந்துகொள்கிறது. அதன் கைப்பிடிக்குள், நாயகர் நால்வரில் ஒருத்தியான சூ ஸ்டார்ம் சிக்கியிருக்கிறாள். ஒரு முழு மனித உடல் ஒரு கைக்குள் அடங்குவதைப் பார்த்ததும் வேறு அளவுகோல் தேவைப்படுவதில்லை.

உங்கள் ஓவியத்தைப் பார்க்காமலே சொல்வதானால், கண்மட்டத்தை, அதாவது பார்ப்பவரின் கண் இருக்கும் உயரத்தை, நீங்கள் பேருருவத்தின் மார்புக்கு நேராக வைத்திருக்கக்கூடும். அப்படி வைத்தால் பார்ப்பவரும் பேருருவம் ஆகிவிடுகிறார். வீடுகள் பொம்மைகளாகத்தான் தெரியும். கண்மட்டத்தைத் தெருவில் நிற்கும் ஆளின் தலைக்கு நேராக இறக்குங்கள். முகவாயின் அடிப்பகுதி தெரியட்டும், பாதம் முன்னால் பெருத்து வரட்டும், தலை தாளின் மேல் விளிம்பை முட்டட்டும். கார், விளக்குக் கம்பம், சன்னல் வரிசை என எல்லோருக்கும் அளவு தெரிந்த பொருள் ஒன்று அவன் உடலைத் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும். தள்ளி நின்றால் பயனில்லை.

பதில் 3

அளவு தெரிந்த பொருள் அருகில் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு, ஃபென்டாஸ்டிக் ஃபோரை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் ஆண்ட்-மேன் நல்ல சான்று. டேல்ஸ் டு அஸ்டானிஷ் 35ஆம் இதழில் (செப்டம்பர் 1962) எறும்பளவு நாயகனாக உடையணிந்து வந்தவர், 49ஆம் இதழிலேயே (நவம்பர் 1963) ஜயன்ட்-மேன் ஆக்கப்பட்டார். அருகில் ஒரு பெரிய பொருள் இருந்தால்தானே ஒருவர் சிறியவர் என்று தெரியும், அதை ஓவியங்களில் போதுமான அளவு காட்டவில்லை என்ற பொருளில் மார்வெலின் எழுத்தாளரும் ஆசிரியருமான ஸ்டான் லீ பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

ஆனால் வளர்ந்த பிறகும் அவர் நிலைக்கவில்லை. 69ஆம் இதழோடு (ஜூலை 1965) அவருடைய தொடர் நின்று, அடுத்த இதழில் சப்-மரைனர் என்ற வேறொரு நாயகன் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். என் கருத்தில், பேருருவம் ஓர் இதழுக்கு மட்டும் உரிய அதிர்ச்சி. நேற்றுவரை நம் உயரத்தில் இருந்த ஜிம்மி இன்று வளர்ந்து நிற்பதால்தான் நெஞ்சு பதைக்கிறது. மாதந்தோறும் விசுவரூபம் எடுப்பவரைப் பார்த்து யாரும் நெடுநாள் வியக்கமாட்டார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்மட்டத்தை இறக்கி நேற்றிரவு மறுபடி வரைந்து பார்த்தேன். முதல் முறையாக என் பேருருவத்துக்கு எடை வந்திருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இவற்றில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

பதில் 1

உண்மைதான், குறைவுதான். திரையில் 1958இலேயே ஐம்பதடி உயரப் பெண் வந்துவிட்டாள், ஆனால் அஞ்சவேண்டிய ஒருத்தியாகவே வந்தாள். நான் மிகவும் மதிக்கும் அட்டை காமிக்ஸ் இதழுடையதே அன்று. 1972 ஜூலையில் வெளிவந்த 'மிஸ்' என்னும் பெண்ணியப் பத்திரிகையின் முதல் மாத இதழ் அது. அதை வரைந்தவர் டிசியின் காமிக்ஸ் ஓவியர் மர்ஃபி ஆண்டர்சன். டிசியின் நாயகி வொண்டர் உமன் கட்டடங்களுக்கு மேலாக எட்டுவைத்து நடந்து வருகிறாள். ஒரு பக்கம் அமெரிக்கத் தெரு, மறுபக்கம் வியட்நாம் போர்க்களம். அவள் எதையும் மிதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கை போர் விமானத்தைத் தடுக்கிறது. மற்றக் கையிலுள்ள பொன்கயிற்றுக்குள் வீடுகள் பத்திரமாக இருக்கின்றன.